பதில்: கோரிங் ஊரில் தேம்ஸ் ஏன் குன்றுகளை ஊடுருவிப் போகிறது?

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கோரிங் என்ற ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகவும், ஆறு குன்றுகளைச் சுற்றிப் போகாமல் நடுவே போவது புரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள்.

கிழக்கே சில்டர்ன் குன்றுகள், மேற்கே பெர்க்ஷயர் மேடுகள். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வெண்சுண்ணப் பாறைத் தொடர். நிலம் மெல்ல உயர உயர, தேம்ஸ் அதை அறுத்துக்கொண்டே வந்தது. அந்த வெட்டுதான் கோரிங் இடைவெளி. பனியுகத்தில் பனிப்பாறை தேம்ஸைத் திருப்பிவிட்டது உண்மைதான், சுமார் 4,50,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஆனால் அது நடந்தது ஆற்றின் போக்கில் இன்னும் கீழே, ஹர்ட்ஃபர்ட்ஷயர் பக்கம். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

குன்றுகளுக்கு நடுவே வழி கிடைத்தால் எல்லோரும் அங்கேதானே வருவார்கள்? ரிட்ஜ்வே என்ற பழம்பாதை இங்கேதான் ஆற்றைக் கடக்கிறது. எதிர்க்கரையில் ஸ்ட்ரீட்லி என்ற ஊர். ஆறே மாவட்ட எல்லை என்பதால் அது பெர்க்ஷயர், கோரிங் ஆக்ஸ்ஃபர்ட்ஷயர். பாலம் வந்தது 1837இல்தான், அதுவரை ஓடம். 1674இல் கோரிங் திருவிழா முடிந்து ஸ்ட்ரீட்லிக்குத் திரும்பியவர்களின் படகு தடுப்பணை அருகே கவிழ்ந்து சுமார் 60 பேர் இறந்தார்கள். கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ரயில். பொறியாளர் புருனெலின் கிரேட் வெஸ்டர்ன் ரயில் பாதையும் இதே இடைவெளியில் நுழைந்து 1840இல் இங்கு வந்தது. கோரிங்குக்குக் கீழே, ஆறு போகும் திசையில், கேட்ஹாம்ப்டனில் அவர் கட்டிய செங்கல் பாலத்தைப் படம் பிடித்துச் சேருங்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1893 கோடையில் கோரிங்கில் தங்கியதை ஒரு வரியில் சொன்னால் போதும்.