பிஎச் 9.2 வந்த களிமண் வயலை விற்றுவிடலாமா?

"களிமண் வயல். பரிசோதனையில் பிஎச் 9.2. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, காய்ந்தால் கலப்பை இறங்க மாட்டேன் என்கிறது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளாதீர்கள். ஊரில் யாரோ "இது களர், ஒண்ணும் தேறாது" என்று உங்கள் காதில் போட்டிருப்பார்கள். வாங்க ஆள் கூட்டி வருவதும் அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே கொஞ்சம் சூடு ஏறும். பாகம் பிரித்தபோது அண்ணன்மார் வாய்க்கால் ஓரத்து வயல்களை எடுத்துக்கொண்டார்கள். என் பங்குக்கு ஒதுக்கியது திருச்சி மணிகண்டம் பக்கத்துக் களர். "பொம்பளப் பிள்ளைக்கு இதுவே அதிகம்" என்று பெரியவர் ஒருவர் சபையிலேயே சொன்னார். இன்று அதில் சம்பா விளைகிறது. அண்ணன் வயல் அளவுக்கு விளைகிறது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தரிசு இல்லை.

சரி, உங்கள் மண்ணுக்கு வருவோம். மண்ணின் காரத்தைச் சொல்கிற பிஎச் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அறிக்கையில் மின்கடத்தும் திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) 4-க்குக் கீழே, மாற்றுச் சோடியம் (களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) 15 விழுக்காட்டுக்கு மேலே என்று இருந்தால் அது களர். உப்பு பூத்து வெள்ளையாகத் தெரிகிற உவர் வேறு. உவரில் நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே உப்பு கழுவிப் போகும். களரில் வெறும் தண்ணீர் கட்டினால் சேறுதான் மிஞ்சும். களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியம் துகள்களை ஒன்றோடொன்று சேரவிடாது. துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து மிதந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடும். தண்ணீர் நிற்பதும், வேர் மூச்சுத் திணறுவதும், காய்ந்தால் கல்லாவதும் அதனால்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெல்லப் போடுங்கள். கலக்க வேண்டாம். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல மங்கல் படர்ந்து, மறுநாளும் தெளியாமல் இருந்தால் சோடியம்தான். உப்பு ஏறிய போர் தண்ணீரில் போட்டால் அந்த உப்பே துகளைச் சேர்த்துப் பிடித்து ஏமாற்றிவிடும், அதனால்தான் மழைத்தண்ணீர். இன்னொரு ஏமாற்றும் உண்டு. காரத்தில் மட்கு கரைந்து மேலே வந்து கருப்பாகப் படியும். அதைப் பார்த்து வளமான மண் என்று வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து ஜிப்சம். "அதுவும் ரசாயனம்தானே" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: அது பூமியில் கிடைக்கிற தாது. பெரம்பலூர் பக்கம் காரையில் மண்மேடுகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடுவதைப் போய்ப் பார்க்கலாம். சுண்ணாம்பு போடச் சொல்பவரை நம்பாதீர்கள், இவ்வளவு காரத்தில் அது கரையவே கரையாது. எங்கள் வயலில் ஒரு முழம் தோண்டினால் சுக்கான்கல்லாகச் சுண்ணாம்பு கிடக்கிறது, கிடந்து என்ன பயன்?

ஜிப்சம் எவ்வளவு என்பதை அறிக்கையில் உள்ள தேவையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பாதித் தேவையைப் போட்டாலே நெல்லுக்குப் போதும் என்பதுதான் இங்கே வழக்கமான பரிந்துரை. ஆனால் முதலில் வடிகால். சிறு பாத்திகளாகச் சமன் செய்து, தண்ணீர் கட்டி, ஜிப்சத்தைத் தூவிச் சேற்றுழவு ஓட்டி, நிறுத்தி வடிக்க வேண்டும். ஜிப்சத்தில் இருந்து கரைந்து வரும் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) சோடியத்தை வெளியே தள்ளும், தள்ளியது வடிகாலோடு வயலை விட்டுப் போயாக வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் அது அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுங்கள். அது மட்கும்போது பிஎச்சும் இறங்கும், மண்ணும் கொஞ்சம் பொலபொலக்கும்.

நெல் ரகத்துக்கு எங்கள் பக்கம் டிஆர்ஒய் 3. நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியில் களருக்கென்றே உருவாக்கியது. நாற்றைக் கொஞ்சம் முதிரவிட்டு, குத்துக்கு மூன்று நான்காக நடுங்கள். துத்தநாக சல்பேட்டை விட்டுவிடாதீர்கள். இந்தக் காரத்தில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் அடியிலையில் துருப்புள்ளி விழுந்து, திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாக நின்றுவிடும். யூரியாவும் பாதி காற்றில் போகும், மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

மானியத்தில் ஜிப்சம் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பட்டா என் பெயரில், ஆதார் என் பெயரில், வங்கிக் கணக்கும் என் பெயரில். "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார் உள்ளே இருந்தவர். என் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்க்கிறார், நெல்லுக்கும் கோரைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். "அப்போ லீவு நாள்ல கூட்டிட்டு வாங்க" என்கிறார். லீவு நாளில் அலுவலகமே திறக்காது! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கேயாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வேளாண்மை படித்தவர்கள் என் விளக்கத்தில் குறை கண்டால் திருத்துங்கள், கோபமில்லை. கேட்டவருக்கு ஒன்று மட்டும்: ஜிப்சத்துக்குப் பணம் கட்டும் முன் உங்கள் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்த அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (ஆர்எஸ்சி) என்ற எண் 2.5-க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரே வருஷா வருஷம் புதுக் களரைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த எண் வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.