வெறும் வயிற்றில் வர டீ (பால் சேர்க்காத டீ) குடித்தால் பசி அடங்கி எடை குறையுமா?

கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதற்குள் நாலைந்து கிலோ குறைக்க வேண்டும், அதற்குத்தானே கேட்கிறீர்கள்? பசி கொஞ்ச நேரம் அடங்கும். எடை குறையும் என்று நம்பி இறங்காதீர்கள்.

நான் வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு டம்ளர் வர டீ, சர்க்கரை தூக்கலாக. அதற்கு மேல் சோறு இறங்காது. பத்து மணிக்குத் தூக்குவாளியிலிருந்து இன்னொரு டம்ளர். அட்டைக்கடியோடு சரிவில் கூடை சுமந்து ஏறி இறங்குகிற உடம்பு, மதியம் வரை அதில்தான் ஓடும். நான் கோவைக்கு வேலைக்கு வந்த பிறகு கூட வேலை பார்க்கிற ஒருத்தர், "உங்க ஊர்ப் பொம்பளைங்க டீ குடிச்சே ஒல்லியா இருக்காங்க, குடுத்து வச்சவங்க" என்றார். இன்னும் எனக்கு ஆறவில்லை. அம்மாவின் அந்த ஒல்லி உடம்பில் ஹீமோகுளோபின் 7தான் இருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும். நர்ஸம்மா முதலில் கேட்டதே, "சாப்பாட்டோட டீ குடிப்பீங்களா?" என்றுதான். டீயில் இருக்கிற டானின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரை போட்டு, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்த பிறகுதான் அம்மா தேறினார். எல்லாவற்றுக்கும் டீதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கறியும் முட்டையும் வாங்கக் காணாத கூலியும் காரணம்.

காஃபின், களைப்பை உணர்த்துகிற அடினோசினை மூளையில் வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதனால் சுறுசுறுப்பு வரும், பசியும் சற்று மந்தப்படும். தினமும் குடித்தால் உடம்புக்கு அது பழகிவிடும். கிரீன் டீயை வைத்து நடந்த ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2012-ல் தொகுத்துப் பார்த்ததில், எடை குறைந்தது கணக்கில் எடுக்கிற அளவுக்குக்கூட இல்லை. இயற்கைதானே என்று எடை குறைக்கிற மூலிகை மாத்திரைப் பக்கமும் போக வேண்டாம். எபெட்ராவும் செடிதான், பசியை நன்றாகவே அடக்கும். மாரடைப்பு, பக்கவாதம் என்று புகார்கள் குவிந்து, அது சேர்ந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-ல் தடை செய்தது.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர் மார்க்கெட்டில் 'ஸ்லிம் டீ' டப்பாக்களில் கூடை சுமந்த பெண் சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து பறிக்க வேண்டும். அந்த விலையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று எந்த டப்பாவிலும் போடுவதில்லை.

சரி, டீ குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால், எடையைப் பார்க்கும் முன் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள்.