யுனெஸ்கோ ஒதுங்கியிருக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

யுனெஸ்கோவிலிருந்து மீண்டும் விலகப்போவதாக அமெரிக்கா 2025 ஜூலையில் அறிவித்தது. பாலஸ்தீனத்தைச் சேர்த்துக்கொண்டதையும் ஒரு காரணமாகச் சொன்னது. பழஞ்சின்னங்களைக் காக்க வேண்டிய அமைப்பு அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்கக் கூடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒதுங்கியிருக்க அதன் விதிகளே இடம் தருவதில்லை. 1972-ஆம் ஆண்டின் உலக மரபுரிமை உடன்படிக்கைப்படி, ஓர் இடத்தைப் பட்டியலுக்கு முன்மொழியும் உரிமை அதில் இணைந்த அரசுகளுக்கே உண்டு; அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கோ, அதை ஆராய்ந்த அறிஞர்களுக்கோ இல்லை. ஆகவே அரசாக ஏற்கப்படாத மக்களின் சின்னங்களுக்காக, வேறொரு நாடு முன்வந்தாலொழிய, அந்த அவையில் பேச ஆளில்லை. 1981-இல் பட்டியலில் ஏறிய எருசலேமின் பழைய நகரை முன்மொழிந்தது ஜோர்டான்தான்.

2011 அக்டோபரில் பாலஸ்தீனத்தை உறுப்பினராக்க 107 நாடுகள் ஆதரவாகவும் 14 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன. 52 நாடுகள் நடுநிலை வகித்தன. பாலஸ்தீனத்துக்கு முழு உறுப்புரிமை தரும் ஐ.நா. அமைப்புகளுக்குப் பணம் தரக்கூடாது என்ற தன் பழைய சட்டங்களின்படி அமெரிக்கா நிதியை நிறுத்த, யுனெஸ்கோ தன் வருவாயில் ஏறத்தாழ 22 சதவீதத்தை இழந்தது.

அந்த வாக்கெடுப்பால் விளைந்தது என்ன என்பதற்குப் பத்தீரைச் சொல்வேன். பெத்லகேமுக்கு அருகில் உள்ள மலைக்கிராமம் அது. கல் அடுக்கிய படிவயல்களுக்கு ஊற்று நீரை எட்டுக் குடும்பங்கள் நாளுக்கொன்றாக முறைவைத்துப் பாய்ச்சுவதால், பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று சொல்வார்கள். (முறைவைத்து ஏரி நீர் பாய்ச்சும் நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.) அந்தப் பள்ளத்தாக்கின் வழியே இஸ்ரேல் தன் பிரிப்புச் சுவரைக் கட்டத் திட்டமிட்டிருந்தபோது, 2014-இல் பாலஸ்தீனம் முன்மொழிய, ஆபத்திலுள்ள மரபிடமாகப் பத்தீர் பட்டியலில் ஏறியது. கிராமத்தார் பங்கெடுத்த வழக்கில், 2015-இன் தொடக்கத்தில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் சுவர்த் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. உறுப்புரிமை இல்லாமல் அந்த முன்மொழிவுக்கு வழியே இருந்திருக்காது.

யுனெஸ்கோ மீது எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் அது வேறு. உறுப்பு நாடுகள் மனம் கோணாமல் நடப்பதிலேயே அதன் வலிமை கரைகிறது. 2021-இல் ஆஸ்திரேலியக் கடலிலுள்ள பெரும் பவளத்திட்டை (கிரேட் பேரியர் ரீஃப்) ஆபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைத்தும், ஆஸ்திரேலியா நாடு நாடாகச் சென்று ஆதரவு திரட்டி அதைத் தள்ளிப்போட முடிந்தது. பத்தீரின் மரபுரிமை நிலத்திலேயே 2024-இல் புதிய குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு ஒப்புதல் அளித்தபோதும், கண்டிப்பதற்கு மேல் செய்யக்கூடிய அதிகாரம் யுனெஸ்கோவிடம் இல்லை.