தமிழ் பேசும் ஊர்தானே என்று சும்மா வந்துவிடாதீர்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்கு மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் செம்பனை (பாமாயில்) ஆலையில் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் இருவரும் வருகிறார்கள். "அங்கே கடைக்காரரிலிருந்து எல்லோரும் தமிழர்தானாமே, தனியாக ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா, பெட்டியில் என்னென்ன எடுத்து வரலாம்?" என்பது கேள்வி.

வேண்டும் தங்கச்சி, நிறையவே வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாஸ் (இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி), வீடு, பேங்க் எல்லாம் பார்த்துத் தருவதுதான் என் பிழைப்பு. நான் கண்டவரை ஆறு மாதம் கழித்தும் திணறுகிறவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். நேப்பாளத்திலிருந்து வருகிறவருக்கு வேறு வழியில்லை, முதல் வாரமே மலாய் பேசத் தொடங்கிவிடுகிறார். நம்மவர்களோ பக்கத்து வீட்டு அக்கா "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டதுமே ஊர் முழுக்கத் தமிழ் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கே மனிதர்கள் தமிழ், கவுண்டர்கள் மலாய். பெரப்பா என்றால் எவ்வளவு, போராங் என்றால் படிவம், சாலினான் என்றால் நகல், துத்துப் என்றால் மூடியிருக்கிறது, புங்குஸ் என்றால் பார்சல். இந்த ஐந்தோடு ஆரம்பியுங்கள், மீதி தானாக வரும். (இது பழைய கடாரம், 1025-இல் ராஜேந்திர சோழன் வந்த இடம் என்று புள்ளிவிவரத்தோடு வருகிறவர்கள் உண்டு. அதைக் கவுண்டரில் சொன்னால் நம்பர் சீக்கிரம் வராது.)

அடுத்து, கிழமை. இதில் ஏமாறாத ஆளே இல்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், அரசாங்க அலுவலகமும் பேங்க்கும் ஞாயிறு முதல் வியாழன் வரைதான். ஆனால் பல கம்பெனிகள் கோலாலம்பூர் கணக்கில் சனி, ஞாயிறு லீவு விடுகின்றன. அப்படியென்றால் உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருக்கும்போது இமிகிரேஷன் திறந்திருக்கும், அந்த நாளைப் பேப்பர் வேலைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பக்கத்திலேயே பினாங்கு இருக்கிறதே, அங்கே விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை இங்கே மூடியிருந்தால் அங்கே திறந்திருக்கும், ஆனால் மத்தியானம் தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை அங்கேயும் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது அதுதான். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்பார்கள்), உங்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, பல மடங்கு ஆகும். அதனால் டவுனில் ஒரு பிரைவேட் கிளினிக் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கணவரின் கம்பெனி பேனல் கிளினிக் (கம்பெனி செலவில் பார்க்கும் கிளினிக்) எது என்று சேரும் நாளே கேளுங்கள். ஊரில் போல டாக்டர் சீட்டு எழுதித் தந்து வெளியே மருந்து வாங்கச் சொல்ல மாட்டார், மருந்து அந்தக் கவுண்டரிலேயே தந்துவிடுவார்கள். மருந்துக்கடையில் போய் ஆன்டிபயாடிக் கேட்டால் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். ஊரிலிருந்து மாத்திரை கொண்டு வந்தால் டாக்டர் சீட்டோடு கொண்டு வாருங்கள், போதைப்பொருள் சட்டம் இங்கே ரொம்பக் கடுமை. அப்புறம், டெங்கி. தோட்டப்புறத்தில் மழைத்தண்ணீர் தேங்க இடத்துக்குக் குறைவில்லை. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் ரத்தம் பாருங்கள், அதுவரை பனடோல் (பாராசிட்டமால்) மட்டும் போதும், புருபென், ஆஸ்பிரின் பக்கம் போகவே வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கிவிடும். அவசரம் என்றால் 999. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்து டவுனான சுங்கை பட்டாணியில் இருக்கிறது.

போக்குவரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தோட்டத்துச் சாலையில் பஸ்ஸை நம்பி இருக்க முடியாது, கிராப் (போன் ஆப்பில் கூப்பிடும் டாக்சி) அழைத்தால் சில நேரம் வண்டியே கிடைக்காது. கார் இல்லாவிட்டால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பீர்கள். கிளம்பும் முன் ஆர்.டி.ஓ.வில் இரண்டு பேருமே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், அது ஒரு வருஷம் செல்லும், இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கோலாலம்பூர் போக சுங்கை பட்டாணியிலிருந்து இடிஎஸ் என்ற மின்சார ரயில் இருக்கிறது, சௌகரியமான ரயில்.

வீட்டு வேலையில் சந்தோஷமான செய்தி கேஸ்தான். கனெக்ஷன், பாஸ்புக் என்று எதுவும் இல்லை, கடைக்கு போன் போட்டால் 14 கிலோ தோங்கைக் (சிலிண்டரை இங்கே தோங் என்பார்கள்) கொண்டு வந்து மாட்டிவிட்டுப் போவார்கள், முதல் தோங்குக்கு மட்டும் டெபாசிட் கேட்பார்கள்.

பேப்பர் விஷயம் இரண்டு. கணவரின் பாஸை ஒட்டி வரும் டிபென்டன்ட் பாஸில் நீங்கள் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் டியூஷன் எடுத்துக் காசு வாங்கினாலும் அது வேலைதான், மாட்டிக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டைக் கம்பெனி "பத்திரமாக வைத்துத் தருகிறோம்" என்றால் கொடுக்காதீர்கள், அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்த நாட்டில் குற்றம். வரி இன்னொன்று. வருஷத்தில் 182 நாள் இங்கே இருந்தால்தான் உள்ளூர்க்காரர் கணக்கு, இல்லையென்றால் சம்பளத்தில் நேராக 30 சதவீதம் போகும். வருஷக் கடைசியில் சேர்ந்தால் அடுத்த வருஷத்தோடு தொடர்ச்சியாகச் சேர்த்துப் பார்க்கும் விதியும் உண்டு, அக்கவுண்ட்ஸ் ஆளிடம் முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே பேசச் சொல்லுங்கள்.

உங்களை இங்கே "ஊர்க்காரங்க" என்பார்கள். வைகிறார்கள் என்று நினைக்காதீர்கள், இந்தியாவிலிருந்து வந்தவர் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் அவர்களிடம் போய் "நம்ம நாட்டுக்கு எப்போ வரீங்க?" என்று கேட்காதீர்கள். தாத்தா காலத்திலிருந்து இங்கே பால்மரம் வெட்டியவர்கள் (ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள்), அவர்களுடைய நாடு இதுதான். இன்னொன்று, கடையில் "தே" (டீ) என்று மட்டும் சொன்னால் டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும், இனிப்பைக் குறைக்க "குராங் மானிஸ்", பால் வேண்டாமென்றால் "தே ஓ".

சரி, பெட்டி. மிக்சி கொண்டு வரலாம், 230 வோல்ட்தான், மூன்று சதுர முள் பிளக் மட்டும் மாற்ற வேண்டியிருக்கும். இட்லி அரிசி, உளுந்து, மசாலா எல்லாம் சுங்கை பட்டாணியில் தாராளமாகக் கிடைக்கிறது, கிலோவை வீணாக்காதீர்கள். கறிவேப்பிலைக் கன்று, முருங்கைக் குச்சி என்று எதையும் துணிக்குள் சுருட்டாதீர்கள், அனுமதி இல்லாமல் செடி கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே பாதி வீட்டு வேலியில் கறிவேப்பிலை மரமே நிற்கிறது, போய்க் கேட்டால் கிளையோடு ஒடித்துத் தருவார்கள்.