வுட்ரஃபின் நாட்குறிப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அலுவலக வேலையாக சால்ட் லேக் சிட்டியில் சில நாட்கள் தங்கியிருந்தேன். நகரின் கிழக்கு ஓரத்தில், கணவாய் முடியும் இடத்தில் பெரிய நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. 1847 ஜூலை 24 அன்று, குடியேற இடம் தேடி வந்த மார்மன்களின் தலைவர் பிரிகம் யங், காய்ச்சலில் படுத்திருந்த வண்டியிலிருந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்த்து ‘இதுவே சரியான இடம்’ என்று சொன்னதாக வழிகாட்டி விளக்கினார். அந்த வண்டிக்குச் சொந்தக்காரர் வில்ஃபர்ட் வுட்ரஃப் என்றும் சொன்னார். அறைக்குத் திரும்பித் தேடியபோது, அவரே பின்னாளில், அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான அந்த மார்மன் சபையின் தலைவராகி, 1890இல் பலதாரமணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டவர் என்று அறிந்தேன். கடவுளின் கட்டளை என்று பல்லாண்டுகள் போதித்ததை, அரசு சொத்தைப் பறிக்க வந்ததும் கைவிட்டுவிட்டு, அதையும் கடவுள்தான் சொன்னார் என்பது வெறும் சந்தர்ப்பவாதம் அல்லவா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்த சின்னத்தின் உச்சியில் நிற்கும் மூன்று உருவங்களில் ஒன்று வுட்ரஃபுடையது. வண்டி கொடுத்ததற்காக மட்டும் அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. வழிகாட்டி உங்களிடம் சொன்ன வாக்கியமே உலகத்துக்கு அவர் வாய்வழியாகத்தான் வந்தது. ஆனால் அது வந்த நாளைக் கவனிக்க வேண்டும். 1847 ஜூலை 24ஆம் தேதிக்கான அவருடைய நாட்குறிப்பில் அந்த வாக்கியம் இல்லை. பள்ளத்தாக்கின் தோற்றம் யங்குக்கு முழு நிறைவளித்தது, பயணப்பட்டதற்குத் தக்க பலன் கிடைத்ததாக அவர் கருதினார் என்ற அளவில்தான் அங்கே எழுதியிருக்கிறார். ‘இது போதும், இதுவே சரியான இடம், ஓட்டுங்கள்’ என்ற சொற்களை அவர் சொன்னது 33 ஆண்டுகள் கழித்து, 1880இல் நடந்த அந்த நாளின் ஆண்டுவிழாவில். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெரிய நாளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போது அது ஒற்றை வாக்கியமாகத் திரண்டுவிடுகிறது. உங்கள் கேள்விக்கான பதிலும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் இருக்கிறது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

வுட்ரஃப் 1807இல் கனெடிகட் மாநிலத்தில் மாவரைக்கும் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். தாமும் அத்தொழிலையே செய்தார். மூன்று வயதில் கொதிநீர்க் கொப்பரையில் விழுந்தது தொடங்கித் தமக்கு நேர்ந்த விபத்துகளை எல்லாம் பிற்காலத்தில் வரிசைப்படுத்தி எழுதிவைத்தார்; அப்பட்டியல் நீளமானது. 1833 டிசம்பர் 31 அன்று, நியூயார்க் மாநிலத்துக் குளிரில், மார்மன் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அதையொட்டித் தொடங்கிய நாட்குறிப்பை 1898இல் இறக்கும் வரை ஏறக்குறைய விடாமல் எழுதினார். எத்தனை மைல் நடந்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், எத்தனை கடிதங்கள் எழுதினார் என்று ஆண்டு முடிவில் கணக்குப்போடும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆலைக்காரரின் புத்தி அது, வந்த மூட்டையையும் அரைத்த மூட்டையையும் எண்ணிப் பழகியது.

1839இல் அப்போஸ்தலராக, அதாவது சபையின் பன்னிரு உயர் தலைவர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே இங்கிலாந்து சென்றார். ஹெர்ஃபோர்ட்ஷயரில் ஜான் பென்போ என்ற வசதியான விவசாயியின் பண்ணைக் குளத்தைச் சுத்தப்படுத்தி, அதிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். மெதடிஸ்ட் சபையிலிருந்து பிரிந்து ‘ஐக்கிய சகோதரர்கள்’ என்ற பெயரில் இயங்கிய சுமார் 600 பேரில் ஒருவர் தவிர அனைவரும் தம்மிடம் வந்ததாக அவரே எழுதுகிறார். தம்மைக் கைது செய்ய வந்த காவலர் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஞானஸ்நானம் வேண்டினார் என்பதும் அவர் சொன்ன கதைதான். இத்தகைய கதைகளை நான் சற்றுத் தள்ளியே வைப்பேன். குளம் இன்றும் இருக்கிறது.

அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1847 ஜூலை 8ஆம் தேதிப் பக்கம். அந்த ஆண்டு மேற்கே புறப்பட்ட மார்மன்களின் முதல் குழுவில் 143 ஆண்களும் 3 பெண்களும் 2 குழந்தைகளும் இருந்தார்கள். வழியிலிருந்த ஃபோர்ட் பிரிட்ஜர் அருகே ஓடைகளில் ட்ரவுட் மீன் நிறைய இருப்பதைக் கண்டதும் எல்லோரும் தூண்டிலோடு இறங்கினார்கள்; சிலர் இறைச்சித் துண்டையும் சிலர் வெட்டுக்கிளியையும் கோத்தார்கள். வுட்ரஃப் மட்டும் லிவர்பூலிலிருந்து கொண்டுவந்த தூண்டில் கோலை எடுத்து, இறகால் கட்டிய செயற்கை ஈயை மாட்டி நீரின் மேல் மிதக்கவிட்டார். அமெரிக்காவில் அவர் அப்படி முயன்றது அதுவே முதல்முறை. மொத்தம் பன்னிரண்டு மீன் பிடித்தார். அவற்றில் பாதி ஒவ்வொன்றும் முக்கால் பவுண்டு தேறும் என்றும், முகாமில் மற்ற எல்லோரும் சேர்ந்து அன்று மூன்று பவுண்டுகூடப் பிடிக்கவில்லை என்றும் எழுதுகிறார். இதை எழுதும்போது அப்போஸ்தலர் சிரித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றும். பள்ளத்தாக்கை அடைந்த அன்றும் சாப்பிடுவதற்கு முன்பே தம்மிடமிருந்த அரை புஷல் உருளைக்கிழங்கை வயலுக்குக் கொண்டுபோய் நட்டுவிட்டுத்தான் ஓய்ந்தார். ‘சரியான இடம்’ என்ற வாக்கியம் இல்லாத அன்றைய பக்கத்தில் உருளைக்கிழங்கு இருக்கிறது.

இனி 1890. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் காலத்திலேயே இரகசியமாகத் தொடங்கிவிட்ட பலதாரமணத்தை, 1852 ஆகஸ்ட் இறுதியில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சிறப்பு மாநாட்டில் சபை முதன்முறையாக வெளிப்படையாக அறிவித்தது. (இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்ப முடிவானதும் அதே மாநாட்டில்தான், அவர்களுள் ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட சிலர் 1853இல் சென்னைக்கு வந்தார்கள். பலதாரமணச் செய்தியும் கூடவே கப்பலேறி வந்துவிட்டதால், இங்கிருந்த ஐரோப்பியர்களிடம் அவர்கள் பிரசங்கம் எடுபடவில்லை.) வுட்ரஃபும் பல பெண்களை மணந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தந்தை.

அமெரிக்க அரசு படிப்படியாக இறுக்கியது. மத நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பலதாரமணம் செய்ய உரிமையில்லை என்று 1879இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியருடன் வாழ்வதையே குற்றமாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றார்கள். 1887ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் சட்டபூர்வ அமைப்பைக் கலைத்து, 50,000 டாலருக்கு மேற்பட்ட சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தது. சால்ட் லேக் சிட்டி அடங்கிய யூட்டாவின் பெண்கள் 1870 முதல் செலுத்திவந்த வாக்குரிமையும் அதே சட்டத்தால் பறிபோனது. வுட்ரஃப் அச்சட்டத்துக்கு முன்பே தலைமறைவாகிவிட்டிருந்தார். லூயிஸ் ஆலன் என்ற பெயரில் திரிந்தார். ஆள் தெரியாதிருக்கப் பெண்களுக்குரிய நீண்ட அங்கியும் வெயில் குல்லாயும் அணிந்ததுண்டு. 1885 நவம்பரில் முதல் மனைவி ஃபீபி இறந்தபோது, 48 ஆண்டுகள் உடன் வாழ்ந்தவளின் அடக்கத்துக்குப் போக முடியாமல், சபை அலுவலகத்தின் ஜன்னல் வழியாக ஊர்வலம் கடந்து போவதைப் பார்த்தார்.

1889 ஏப்ரலில் அவர் சபைத் தலைவரானார். சந்தர்ப்பவாதம் என்ற சொல் இங்கேதான் எனக்கு இடறுகிறது. அந்த ஆண்டு நவம்பரில், பலதாரமணத்தைக் கைவிடுவதாக நீதிமன்றத்தில் வாக்குறுதி அளிக்கும்படி வழக்கறிஞர்கள் வற்புறுத்தினார்கள். அவர் ஜெபித்தார். இனி எந்த வாக்குறுதியும் கொடுக்காதே என்பதே அவருக்குக் கிடைத்த வெளிப்பாடு. வளைந்துகொடுப்பதே அவர் நோக்கமாக இருந்திருந்தால், வளைவதற்குத் தோதான நேரம் அதுவே. 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் பறிமுதல் சட்டத்தை உறுதிசெய்தது. மார்மன்கள் அனைவரிடமிருந்தும் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவும் ஆயத்தமாயிற்று. கோடையில் ஆலயங்களையே அரசு எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற செய்தி வந்தது. செப்டம்பர் 25ஆம் தேதிப் பக்கத்தில், சபையின் ‘உலகியல் மீட்புக்காக’ச் செயல்பட வேண்டிய கட்டாயத்துக்கு வந்துவிட்டதாக எழுதுகிறார். ஆன்ம மீட்பு என்று எழுதாமல் இப்படி எழுதும் மதத் தலைவர்கள் அரிது. அதே பக்கத்தில், ஜெபித்து ஆவியின் தூண்டுதலை உணர்ந்தே அறிக்கையை வெளியிட்டதாகவும் சொல்கிறார். கட்டாயத்தையும் தூண்டுதலையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். இதனால் அது என்று எழுதவில்லை. சபை பணியாவிட்டால் ஆலயங்கள் பறிபோவதையும் தலைவர்கள் சிறைபுகுவதையும் ஆண்டவர் தமக்குத் தரிசனத்தில் காட்டினார் என்ற விரிவான விளக்கம் 1891 நவம்பரில், லோகன் நகரப் பேச்சில்தான் வருகிறது. யங்கின் வாக்கியம் திரண்டது போலவே இதுவும் பின்னால் திரண்டது என்பது என் கணிப்பு. எனவே அவரைக் கபடர் என்பதை நான் ஏற்கமாட்டேன். தெளிவான கட்டளை வந்து மனம் மாறினார் என்ற பக்தர்களின் சித்திரத்தையும் ஏற்கமாட்டேன்.

என் குறை வேறு இடத்தில். அறிக்கையில் உள்ள சொல் ‘ஆலோசனை’: நாட்டின் சட்டம் தடுக்கும் மணங்களைத் தவிர்க்குமாறு ஆலோசனை கூறுகிறேன் என்றே முடிகிறது. ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் மனைவியராக இருந்த பெண்களின் நிலை என்ன என்று அதில் ஒரு வரி இல்லை. கணவர்கள் சிலர் அவர்களைக் கைவிட்டார்கள், சிலர் மறைவாகக் குடும்பம் நடத்தினார்கள். தலைவர்களில் சிலர் புதிய மணங்களையும் இரகசியமாக நடத்திவைத்ததால், 1904இல் இரண்டாவது அறிக்கை ஒன்று தேவைப்பட்டது. கணக்கு எழுதுவதில் அத்தனை கறாரான மனிதர், இந்தப் பெண்களின் கணக்கை மட்டும் தீர்க்காமல் விட்டுவிட்டார்.

நாற்பதாண்டுகள் கட்டப்பட்ட சால்ட் லேக் ஆலயத்தை 1893இல் அவர் பிரதிஷ்டை செய்தார். 1896இல் யூட்டா மாநிலமானது. 1898 செப்டம்பர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், 91ஆம் வயதில் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகள் இப்போது இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. நீங்கள் 1890இல் தொடங்க வேண்டாம். 1847 ஜூலையின் மீன்பிடிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அங்கிருந்து 24ஆம் தேதிக்கு வாருங்கள்.

அன்புடன்.