வினிகர் அடித்தால் கோரை சாகுமா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் செம்மண்ணில் கத்தரி, மிளகாய், வெண்டை வைத்திருக்கிறேன். பாத்தி முழுக்கக் கோரை. நடைபாதைக் கல் இடுக்கிலும் களை முளைக்கிறது. 1 லிட்டர் வினிகரில் 200 கிராம் உப்பும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து இரண்டு இடத்திலும் தெளித்தேன். மறுநாளே எல்லாம் கருகிவிட்டது. ஆனால் எட்டாம் நாள் கோரை மட்டும் பச்சைப்பசேல் என்று வந்து நிற்கிறது. 99 சதவீத அசிட்டிக் அமிலம் வாங்கிக் கலந்து அடிக்கலாமா? உப்புப் போட்டதால் மண் கெட்டிருக்குமா? (திருச்சி மாவட்ட வாசகி)

பதில்: 99 சதவீத அமிலத்தை வாங்கவே வாங்காதீர்கள், அம்மா. ஒரு சொட்டுத் தெறித்தாலும் தோல் வெந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மூடியைத் திறந்ததும் வரும் ஆவியே தொண்டையை அரிக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் வைக்கிற பொருள் இல்லை அது. அவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு அடித்தாலும் கோரை சாகப்போவதில்லை.

காரணம் இதுதான். சமையல் வினிகரில் இருப்பது 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். இலையில் பட்டதும் செல்களின் சவ்வை உடைத்துவிடும். உள்ளே இருக்கும் நீர் வெளியேறி, வெயிலில் இலை காய்ந்துபோகும். பட்ட இடத்தில் மட்டும்தான் இந்த வேலை. இலை வழியாக இறங்கி வேருக்குப் போகிற மருந்து இல்லை இது. அமிலத்தின் வீரியத்தைக் கூட்டினால் இலை இன்னும் வேகமாகக் கருகும், அவ்வளவுதான்.

கோரையின் உயிர் இலையில் இல்லை. ஒரு செடியைக் கையால் இழுத்துப் பாருங்கள், தண்டு மட்டும் பட்டென்று அறுந்து வரும். அதே இடத்தை மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் பெயர்த்துப் பாருங்கள். கறுப்பும் பழுப்புமாக, நார் போர்த்திய சின்னக் கிழங்குகள், கம்பி போன்ற வேர்த்தண்டில் மணி கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, நல்ல வாசனை. குளியல் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதே கோரைக்கிழங்குதான். மேலே கருகக் கருக, இந்தச் சேமிப்பை வைத்துப் புதுத் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். அருகம்புல்லும் இப்படித்தான்: மேலே கருகினாலும் ஓடுதண்டின் கணுவிலிருந்து துளிர்த்துவிடும்.

அதனால் வினிகரைக் கல் இடுக்கில் வருகிற விதைக் களைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குப்பைமேனி, அம்மான் பச்சரிசி மாதிரியானவை முளைத்து 2 முதல் 4 இலைப் பருவத்தில் இருக்கும்போது அடித்தால் நன்றாகக் கேட்கும். ஒரு சாண் வளர்ந்து பூத்த செடிக்கு அடிப்பது வீண். பிடுங்கிப் போடுவதே சுலபம். பருப்புக்கீரை போலச் சதைப்பற்றான இலையில் கரைசல் ஒட்டாமல் உருண்டு ஓடும். அதற்குத்தான் சோப்பு: 1 லிட்டருக்கு 5 மில்லி, ஒரு தேக்கரண்டி போதும். வினிகரில் தண்ணீர் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் வீரியம் போய்விடும். சதுர மீட்டருக்கு 100 மில்லி, இலை நனைகிற அளவுக்கு. பனி உலர்ந்தபின், நல்ல வெயிலில், காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துத் தெளியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பது வீண் செலவு. 10 நாள் கழித்து, தப்பியதற்கும் புதிதாக முளைத்ததற்கும் இன்னொரு முறை.

வினிகருக்குக் களை எது, மிளகாய் எது என்று தெரியாது. செடி பக்கத்தில் அடிப்பதானால், அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தெளிப்பான் முனையில் குடைபோல் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நடைபாதை கடப்பாக் கல்லாக இருந்தால் அங்கே வினிகரே வேண்டாம். அது சுண்ணாம்புக் கல், அமிலம் பட்ட இடம் மெருகு போய் வெளிறிவிடும். மொசைக் தரைக்கும் இதே கதிதான். பிளாஸ்டிக் தெளிப்பானையே பயன்படுத்தி, முடிந்ததும் கழுவி வையுங்கள். உலோக பாகம் துருப்பிடிக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த பாத்திரத்தில் வினிகரை ஊற்றவே கூடாது, விஷமான குளோரின் வாயு கிளம்பும்.

இனி உப்பு. பார்த்தீனியத்துக்கு வேளாண் பல்கலைக்கழகமே 1 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பு கரைத்து அடிக்கச் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அது பயிர் வைக்காத இடத்துக்கு. வினிகரை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் சிதைத்துவிடும். உப்பு அப்படிச் சிதைவதில்லை, நீர் அடித்துக்கொண்டு போனால்தான் உண்டு. நீங்கள் போட்டது மொத்தமே 200 கிராம். ஒரு சதுர மீட்டர் பாத்தியின் மேல்மண், அரை அடி ஆழத்துக்கு, ஏறக்குறைய 200 கிலோ இருக்கும். ஒரு முறை தெளித்ததில் மண் கெட்டிருக்காது, கவலைப்படாதீர்கள். வடிகால் உள்ள செம்மண்தானே, நல்ல தண்ணீரைத் தேங்கும் அளவுக்கு இரண்டு, மூன்று முறை கட்டுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். போர்த் தண்ணீரே உப்பாக இருந்தால் மழைவரை பொறுங்கள். மாதாமாதம் இதையே செய்திருந்தால் இலை ஓரம் கருகி, மண் இறுகி, வெண்டைகூடத் தலையெடுக்காது.

கோரைக்குச் சித்திரை வெயில்தான் மருந்து. இப்போதைய காய்ப்பு முடிந்ததும் பாத்தியைக் காலியாக்கி, தண்ணீரை நிறுத்தி, ஒரு அடி ஆழம் கொத்திப் புரட்டுங்கள். கிழங்குகளைப் பொறுக்குங்கள், மீதி உள்ளவை 10 நாள் முதல் 2 வாரம் வெயிலில் கிடக்கட்டும். மண்ணை ஒரு முறை திருப்பிப் போட்டு மறுபடி காயவிடுங்கள். கொத்திவிட்டு உடனே தண்ணீர் பாய்ச்சுவதுதான் பலரும் செய்கிற தவறு: கிழங்குகளைக் கோத்திருக்கும் வேர்த்தண்டு அறுந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைக்கும், களை முன்னைவிட அடர்த்தியாக வரும். பொறுக்கியதை எருக்குழியில் போடாதீர்கள், எருவோடு பாத்திக்கே திரும்பி வரும். மூடாக்குப் பிளாஸ்டிக்கை நம்ப வேண்டாம், கோரைத் தளிர் தன் ஊசி போன்ற முனையால் அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

காய்ந்தபின் தட்டைப்பயறை நெருக்கமாக விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. பயறுக்கு நடுவே தலைநீட்டுவதை 2 வாரத்துக்கு ஒரு முறை, நான்கைந்து இலை விடுவதற்குள் களைக்கொத்தால் அடியோடு எடுத்துக்கொண்டே வாருங்கள். கிழங்கின் சேமிப்பு கரையும், புதுக் கிழங்கு கட்ட நேரம் கிடைக்காது. ஒரே பருவத்தில் முழுக்கப் போய்விடாது. அடுத்த சித்திரையிலும் ஒரு முறை கொத்திக் காயப்போட வேண்டியிருக்கும்.