அல்வாவுக்குப் பால் குறையுது, மண்ணு காரணமா?

கேள்வி: தீபாவளிக்கு ஒரு கிலோ கோதுமை ஊறவெச்சு அரைச்சப்ப பால் நல்லா கெட்டியா வந்துச்சு. இந்தத் தடவை அதே ஒரு கிலோதான், பால் தெளிஞ்சதும் பாத்தா அடியில பாதிகூட தேறல. கடைக்காரர்கிட்ட கேட்டா "விளைஞ்ச மண்ணு அப்படிம்மா"ங்கறார். மண்ணுக்கும் கோதுமைப் பாலுக்கும் என்னங்க சம்பந்தம்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கடைக்காரர் முழுசா ரீல் விடலம்மா, ஆனா பாதிதான் சொல்லியிருக்கார். அடியில தங்குற வெள்ளை வண்டல் இருக்கே, அதுதான் ஸ்டார்ச், மாவுச்சத்து. அது மண்ணுலேர்ந்து ஏர்ற சத்து இல்ல, இலை வெயில்ல செய்யுற சர்க்கரைதான் கதிருக்குப் போய் ஸ்டார்ச்சா மாறுது. நெல்லுல கண்ணாடி இலைன்னு சொல்வாங்களே, கதிருக்குக் கீழ கடைசியா வர்ற இலை, கோதுமையிலயும் அதுக்குத்தான் பெரிய பங்கு. பூத்ததுலேர்ந்து மணி முத்துறதுக்கு ஏறக்குறைய 30, 40 நாள், அதுவரைக்கும் அந்த இலை பச்சையா நின்னாத்தான் மணி ரொம்பும்.

இங்கதான் மண்ணு வருது. மணல் மண்ணுல தண்ணி நிக்காது, பாய்ச்சல் ஒண்ணு தவறினாலும் பால் பிடிக்கிற நேரத்துல இலை காஞ்சிரும், மணி சூம்பிப் போயிரும். கரிசல் அப்படியில்ல. மத்தியப் பிரதேசத்துல சீஹோர், விதிஷா பக்கம் விளையுற சர்பதி கோதுமைக்கு 2023-ல புவிசார் குறியீடு கெடச்சுது, அங்கெல்லாம் மழை ஓஞ்சப்புறம் விதைச்சு, மண்ணு பிடிச்சு வெச்ச ஈரத்தை நம்பியே வெள்ளாமை எடுத்துப் பழகுனவங்க, நம்ம கோவில்பட்டி கரிசல்காட்டு மானாவாரி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

அதுக்காக கரிசல்னாலே பால் ஜாஸ்தின்னு எழுதி வெச்சுராதீங்க. தழைச்சத்து நிறைய இருக்கிற மண்ணுல, இல்ல பூக்குற சமயத்துல யூரியா ஜாஸ்தி போட்டா, மணியில ப்ரோட்டீன் ஏறும், ஸ்டார்ச் சதவீதம் எறங்கும். சப்பாத்தி மாவு ஜவ்வா இழுபடணும்னா அது நல்லது, அல்வாக்காரங்களுக்கு அது நஷ்டம்.

வெயிலும் ஒரு காரணம், எனக்கென்னவோ மண்ணைவிட அதுமேலதான் சந்தேகம். பால் பிடிக்கிறப்ப 30 டிகிரிக்கு மேல போனா சர்க்கரையை ஸ்டார்ச்சா மாத்துற என்சைமே தளர்ந்துரும். 2022 மார்ச்ல அப்படித்தான் ஆச்சு, பஞ்சாப் நல்ல வண்டல் மண்ணு, தண்ணி வசதியும் உண்டு, இருந்தும் அடிச்ச வெயில்ல மணி சுருங்கிப்போச்சு. அரசு கொள்முதல்ல சுருங்குன மணி 6 சதவீதம் வரைக்கும்தான் எடுப்பாங்க, அந்த வருஷம் அதை 18 வரைக்கும் தளர்த்த வேண்டியதாச்சு, அப்பவும் மண்ணு அதே மண்ணுதானே.

அடுத்த தடவை வாங்குறப்ப ஒரு கை அள்ளி உள்ளங்கையில பரப்பிப் பாருங்க. நடுக்கோடு ஒடுங்கி, ரெண்டு பக்கமும் கொழுகொழுன்னு இருந்தா பால் வரும். கோடு பள்ளமா விழுந்து தோல் சுருங்கியிருந்தா தவிடுதான் ஜாஸ்தி. சந்தேகமா இருந்தா ஆயிரம் மணி எண்ணி எடை போடுங்க (வீட்டுல பசங்க சும்மாதானே இருக்காங்க), 40 கிராம் வந்தா தாராளமா வாங்கலாம், 30க்குக் கீழ போனா அதுல அல்வா கிண்டாதீங்க, ரவையா ஒடைச்சு உப்புமாவுக்கு வெச்சுக்கோங்க.